வாய் திறக்குமுன் பேச வேண்டியவை

பல் வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்ததும் நாம் அனைவருமே சிறிது நேரம் பேச்சிழந்து விடுகிறோம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு "வலிக்கிறது" என்று சொல்ல எவராலும் இயலாது. சிகிச்சை முடிந்ததும் நமக்குப் பேச்சு மீளுகிறது. ஆனால் காது கேளாதோருக்கும், பக்கவாதத்தால் நாக்குழறுவோருக்கும், அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவருக்கும் இவ்விடர் நாற்காலியோடு நின்றுவிடுவதில்லை. எந்தப் பல் நோகிறது, மரத்துப்போகும் ஊசி பலித்ததா, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்கிறாரா என்பன தெரியாவிடில் வீண் வலியும் ஆபத்தும் நேரிடக்கூடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களிலும் மலைமேல் ஏலத் தோட்டங்களிலும் உழைப்போர் பலர். கூடலூரிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று திரும்பினால் அன்றையக் கூலி போய்விடும். ஆகவே, செல்லும் நாள் வீணாகாதிருக்கச் சில எளிய வழிகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, வீட்டிலேயே ஆயத்தம் செய்தல். நோயாளிக்குள்ள நோய்கள், உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. கண்ணாடி முன் நின்று, நோகும் பல்லை விரலால் தொட்டுக் காட்டப் பழக்குக.

இரண்டாவது, சைகையை முன்னரே பேசி முடித்தல். கையை உயர்த்தினால் "நிறுத்துங்கள்"; ஒரு விரல் "ஆம்"; இரு விரல் "இல்லை". பக்கவாதமுற்றோர் இயங்கும் கையைப் பயன்படுத்தலாம். கை உயர்ந்தவுடன் வைத்தியர் கருவியை நிறுத்தினால்தான் நோயாளிக்கு நம்பிக்கை பிறக்கும்.

மூன்றாவது, முகம் தெரியப் பேசுதல். உதட்டசைவைப் பார்த்து அறிவோருக்கு முகக்கவசம் ஒரு சுவராகும். சிகிச்சைக்கு முன்பே வைத்தியர் சற்று விலகி நின்று, கவசத்தை நீக்கி, நேர்முகமாகப் பேசலாம். அன்றி எழுதியும் காட்டலாம். காதொலிக் கருவியைக் கழற்றுமுன் அனைத்தையும் சொல்லிவிடல் வேண்டும்.

நான்காவது, சிறுவர்க்குச் சொல்லி, காட்டி, பின்னரே செய்தல். அமெரிக்கப் பல் மருத்துவர் ஆடல்ஸ்டன் 1959-ஆம் ஆண்டில் விளக்கிய இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

பல் எடுத்தபின், வைத்தியர் சொல்லும் நேரம்வரை பஞ்சைக் கடித்திருத்தல் வேண்டும். மரத்த உதட்டைச் சிறுவர் அறியாமல் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வதுண்டு. உணர்ச்சி திரும்பும்வரை உடனிருப்போர் கவனித்தல் அவசியம்.

மாற்றுத் திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை அளிக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. அதனைத் தயங்காது கேட்டுப் பெறுவோமாக. உடன் செல்வோர் நோயாளிக்குத் துணையாகலாம், அவருக்குப் பதிலாகிவிடலாகாது. வலி அவருடையது, அதனைத் தெரிவிக்கும் உரிமையும் அவருடையதே.