எஞ்சின் அடிக்கடி சூடாகிறதா?

ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊரும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால், முதலில் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகியுங்கள். ஏசி போட்டும் அது சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டாரைச் சோதிக்க வேண்டும். வேகமாக ஓட்டும்போதுதான் சூடேறுகிறது என்றால் கூலன்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று தேடச் சொல்லுங்கள். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைகிறதா? ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பால் டீ நிறத்தில் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டவே கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாக வைத்து ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பது இங்கே வழக்கம். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து அடைத்துவிடும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும்.