கருமம் முற்றுப்பெறுமாறு: பனாமாக் கால்வாய் தரும் பாடம்

குளமாயினும் பாலமாயினும் கல்லூரி மண்டபமாயினும், தொடங்கப்பெறுவன பல, முற்றுப்பெறுவன சில. முற்றாதனவற்றுக்குப் பணமுடையையே பெரும்பாலோர் காரணமாகக் கூறுவர். அஃது எத்துணைப் பொருந்தும் என ஆராய்தற்குப் பனாமாக் கால்வாயினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. ஒரே நிலத்தில் ஒரே வேலை இருமுறை எடுத்துக்கொள்ளப்பட்டது. முதன்முறை தோற்றது, இரண்டாம்முறை முடிந்தது.

சுயெஸ் கால்வாயை 1869இல் திறப்பித்த புகழோடு பனாமாவிற் புகுந்தவர் லெசெப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் பொறியியலறிஞரல்லர்; இராசதந்திரி. மணற்பாங்கான சமநிலத்தில் வெற்றிதந்த முறையையே மலையும் மழையும் மலிந்த நாட்டிலும் கைக்கொள்ள விழைந்து, கடல்மட்டத்துக்கே வெட்டுதல் வேண்டுமென வற்புறுத்தினார். ஆற்றை அணையால் மறித்து ஏரியாக்கிக் கப்பல்களை அதன்மேல் ஏற்றிக் கடத்தலாம் என, 1879இற் பாரிசிற் கூடிய மாநாட்டிலேயே லெப்பினே என்னும் பொறியியலறிஞர் எடுத்துரைத்தார். கேட்பாரில்லை. 1881இல் வேலை தொடங்கியது. 1889இற் கம்பனி முறிந்தது. இருபதினாயிரம்பேர் வரையில் இறந்தனர் என்பர். பணம் முடைப்பட்டது உண்மையே. ஆயின் அது நோயன்று, நோயின் குறி.

அக்காலத்து வைத்தியசாலைகளிலே, எறும்பு ஏறாதிருத்தற்பொருட்டுக் கட்டிற்கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தியிருந்தனர். அக்கிண்ணங்களிலே நுளம்பு பெருகிற்று. நோயாளரைக் காக்கச் செய்த ஏற்பாடே அவரைக் கொன்றது! நுளம்பே காய்ச்சலைக் காவுகின்றது என்பதை, மலேரியாவைப் பொறுத்தமட்டில் றொஸ் 1897இல் இந்தியாவிலும், மஞ்சட்காய்ச்சலைப் பொறுத்தமட்டில் றீட் குழுவினர் 1900இற் கியூபாவிலும் நிறுவினர்.

1904இல் வேலையை ஏற்ற அமெரிக்கரும் இவ்வறிவைத் தம்பாற் கொண்டே முதலாண்டில் இடறினர். விரைவில் மண் பெயரக் காணல்வேண்டும் என்னும் ஆவல் அவர்களை உந்திற்று. மறுவருடம் மஞ்சட்காய்ச்சல் பரவவே, வந்தோரிற் பலர் கப்பலேறி ஓடினர். அவ்வேளையிலே தலைமைப் பொறியியலறிஞராக வந்த ஸ்டீவன்ஸ் செய்த முதற்பெருங் காரியம் வெட்டுவேலையை நிறுத்தியமையாகும். வேலை நடப்பதாகக் காட்டுதற்கு மேலிடம் அவாவிநிற்கையில் அதனை நிறுத்துதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று. வீடுகள் கட்டுவித்தார், குழாய்நீரும் வடிகாலும் அமைப்பித்தார், வைத்தியர் கோர்காஸ் கேட்ட ஆளையும் பொருளையும் தடையின்றி வழங்கினார். 1905ஆம் ஆண்டு முடியுமுன் பனாமா நகரை விட்டு மஞ்சட்காய்ச்சல் அகன்றது. புகையிரதத் தொழிலில் முதிர்ந்தவராதலின், வெட்டுதலன்று, வெட்டிய மண்ணை அகற்றுதலே உண்மையான இடர் என்பதையும் அவரே கண்டு, தண்டவாளங்களை அதற்கேற்பத் திருத்தியமைத்தார். தெரிந்துசெயல்வகையைத் திருவள்ளுவர் வினைசெயல்வகைக்கு முன்னரே வைத்தமை ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

ஆற்றை மறித்து ஏரியாக்கும் திட்டமும், முதன்முதற் கூறப்பட்டு இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1906இல் ஏற்கப்பட்டது. கப்பல்கள் மடைவாயில்களால் ஏறத்தாழ 26 மீற்றர் உயர்த்தப்பட்டு அவ்வேரியைக் கடக்கின்றன.

ஸ்டீவன்ஸ் விலகியபின் 1907இல் வந்த கோதல்ஸ் படைத்துறைப் பொறியியலறிஞர். அதுகாறும் பலர் கூடிய ஆணைக்குழுவினரிடைச் சிதறிக்கிடந்த அதிகாரம் அவரொருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. அவரும் அதனை அறைக்குள் இருந்து செலுத்தினாரல்லர். ஞாயிறுதோறும் காலையில், எத்தொழிலாளி வரினும் அவன் முறைப்பாட்டை நேரிற் கேட்டார். வெட்டிய மலைச்சரிவு மீண்டும் மீண்டும் இடிந்து வீழ்ந்து மாதக்கணக்கான உழைப்பை மூடியபோதும் வேலை குலையவில்லை. 1914ஆம் ஆண்டு ஓகத்து 15ஆம் நாள் கால்வாய் திறக்கப்பட்டது. செலவும் 1907இல் இட்ட மதிப்பீட்டுக்குக் குறைவாகவே நின்றது.

இதனை முழுவெற்றி எனலாமோ? அமெரிக்கர் காலத்திலும் 5,609 பேர் இறந்தனர் என்பது அவர்தம் கணக்கு. அவருட் பெரும்பாலோர் பார்படோசு முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர். வெள்ளையர்க்குப் பொன் நாணயத்திலும் இவர்க்கு வெள்ளி நாணயத்திலும் சம்பளம் கொடுக்கப்பட்டது. வெள்ளையர் வீடுகளுக்கு நுளம்பு புகாத கம்பிவலை அடிக்கப்பட, இவருட் பலர் வலையில்லா இருப்பிடங்களிலே கிடந்தனர். நுளம்பின் குற்றத்தை அறியாமையாற் பிரெஞ்சுக்காரர் பலரை இழந்தனர். அறிந்த பின்னரும் அவ்வலை எல்லார்க்கும் அடிக்கப்படவில்லை.