ஒரே மண்டி, நான்கு கடை



குத்துக்கல்வலசையில் நமது மண்டியின் மாடி சும்மா கிடந்தது. போன ஆனியில் ஒரு யோகா ஆசிரியர் அதை வாடகைக்குக் கேட்டு வந்தார். தென்காசியில் வகுப்பு தொடங்கி, போட்ட முதல் கரைந்து, ஆறே மாதத்தில் மூடியவர். "என்ன சொல்லிக் கொடுப்பீர் தம்பி?" என்றோம். "எல்லாருக்கும் எல்லாம் அண்ணாச்சி" என்றார். நமக்குத் திக்கென்றது. எல்லாச் சரக்கையும் நிரப்பி, எதற்கும் பெயர் எடுக்காமல் பூட்டிப்போன பலசரக்குக் கடைகளை நாம் பார்க்காததா?

அவருடைய தொழிலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. மைசூர் மகாராஜாவின் ஆதரவில் 1933ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியவர் கிருஷ்ணமாச்சாரியார். அவரை மண்டிக்காரர் என்று வைத்துக் கொள்வோம். அவரிடம் கொள்முதல் செய்த நால்வர் நான்கு விதமாகக் கடை போட்டார்கள். பட்டாபி ஜோய்ஸ் மைசூரிலேயே இருந்து, வியர்வை கொட்டும் ஆசன வரிசைகளைக் கற்பித்தார். திடகாத்திரமான இளைஞர்கள் தேடி வந்தார்கள். ரீகாவில் பிறந்த இந்திரா தேவி ஹாலிவுட்டில் பள்ளி திறந்து, நடிகைகளுக்கும் குடும்பப் பெண்களுக்கும் மென்மையான முறையைக் கொடுத்தார். மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். 1976ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவி, ஆளைப் பார்த்து அவரவர் உடம்புக்குத் தக்கபடி தனித்தனியே கற்பித்தார்.

நான்காமவர் பி.கே.எஸ். ஐயங்கார். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் கண்டு மெலிந்தவர். உடம்பு வளையாது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். 1937ல் புனேக்குப் போனார். குனிய முடியாதவருக்கு மரக்கட்டை, கை எட்டாதவருக்கு வார், நிற்க முடியாதவருக்குச் சுவர், தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி, மடித்த கம்பளி என்று கொடுத்துப் பழக்கினார். 1952ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் அவரைச் சந்தித்துப் பயின்று, 1954ல் சுவிட்சர்லாந்துக்கு அழைத்தார். 1966ல் வந்த அவருடைய ஆங்கில நூல் உலகம் சுற்றியது. மற்றவர்கள் 'உமக்கு ஆகாது' என்று திருப்பி அனுப்பக் கூடியவர்களே அவருடைய வாடிக்கையாளர்கள்.

தம்பியிடம் கேட்டோம்: "வந்தவர் கணக்கு இருக்கிறது. திரும்பிப் போனவர் கணக்கு உண்டா?" யோசித்தார். சம்மணம் போட முடியாமல் இரண்டு நாளில் நின்றுவிட்ட பெரியவர்கள், மூட்டை தூக்கி இடுப்பு போனவர்கள், கல்லாவில் உட்கார்ந்தே முழங்கால் பிடித்துக்கொண்ட கடைக்காரர்கள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிக்கவில்லை.

இது நமது பழைய வழக்கம். 'இல்லை' என்று சொல்லி அனுப்பும் சரக்கை எல்லாம் ஒரு சிலேட்டில் எழுதி வைப்போம். ஒரு வருடம் அதில் அதிகம் விழுந்தது சரக்கே அல்ல, நேரம்! குற்றாலம் சீசனில் ஓட்டல்காரர்கள் விடியுமுன் அரை மூட்டை, கால் மூட்டை கேட்டு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். காவல்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு சீசனில் மட்டும் நாலரை மணிக்கே கதவைத் திறக்கிறோம். மில் முதலாளிகளோ பெரிய அங்காடிகளோ அந்த நேரத்தில் கால் மூட்டை பிரித்துக் கொடுக்க வருவார்களா?

ஒன்று சொல்ல வேண்டும். தனிச்சரக்கு என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது, சரக்கு தெரிய வேண்டும். நோய்ப்பட்ட உடம்பைத் தொடுகிறவருக்குத் தனிப் பயிற்சி தேவை. மருத்துவரின் சொல்லும் தேவை. தம்பி அதற்காக வெளியூர் போய்ப் படித்துவிட்டு வரும் வரை மாடியை வேறு யாருக்கும் விடவில்லை.

தையில் தொடங்கினார். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதால் கடை திறக்குமுன் காலை ஐந்து மணிக்கு வகுப்பு. பந்தல் கடையில் பத்து நாற்காலி வாடகைக்கு எடுத்தார். இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள். மீதி நான்கு நாற்காலி நமது மண்டியிலிருந்து போகிறது. அதில் ஒன்றில் நாமே உட்காருகிறோம்.