எலும்பு முறிவும் நம் கடமையும்

களத்திலும் கிணற்று மேட்டிலும் தவறி விழுந்து கை கால் முறிவது கிராமங்களில் புதிதன்று. எல்லா முறிவுக்கும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை; சிறுவரின் முன்கை முறிவு பெரும்பாலும் மாவுக்கட்டிலேயே கூடிவிடும். ஆனால் எலும்பு வெளியே தெரியும் காயத்தையும், தொடையெலும்பு முறிவையும் தாமதமின்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாவண்ணம் மூங்கில் தப்பை வைத்து, இறுக்காமல் கட்டுக. திறந்த காயத்தைத் தூய துணியால் மூடுக. கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சுமார் 6 மணி நேரத்தில் தசை மடியக்கூடும். கையையே இழக்கவும் நேரிடும். விரல் மரத்தாலோ, குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ கட்டை உடனே தளர்த்துக. நாட்டு வைத்தியர் இட்ட கட்டுக்கும் இதுவே விதி.

செலவுக்கு அஞ்சி நாட்களைக் கடத்துதல் தகாது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஊர்தி கட்டணமின்றி வருகிறது. இதனை ஒவ்வொரு வீட்டிற்கும் உணர்த்துவது பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நம் கடமையாகும்.