நெய்தலைப் படமெடுத்தல்: மோரிப் கடற்கரையில் ஒரு திணைப் பாடம்

இலையுதிர்காலம் முடிந்து பயணிகள் ஊர் திரும்பிய பின் கடற்கரையைப் படமெடுப்பது மேலைநாட்டுப் புகைப்படக் கலைஞர்கள் விரும்பும் பயிற்சி. நமக்கு இலையுதிர்காலம் இல்லை. ஆயினும் கரை வெறிச்சோடும் காலம் உண்டு. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்ததும் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளின் தங்குவிடுதிகள் பெரும்பாலும் மூடப்படும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோல லங்காட் மாவட்டத்து மோரிப் கடற்கரைக்கு, மழை ஓய்ந்த ஒரு வார நாள் மாலையில் சென்றாலே போதும். அங்கே எதைப் படமெடுப்பது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது தொல்காப்பிய வகுப்பு.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியன. சிறுபொழுது எற்பாடு, அதாவது பகலின் கடைக்கூறு. மோரிப் மேற்கு நோக்கிய கரை. ஆண்டிறுதியில் மாலை 7 மணியையொட்டிக் கதிரவன் மறையும். நிலநடுக்கோட்டருகே அது ஏறத்தாழ நேர்க்குத்தாக இறங்குவதால், மறைந்த பின் நல்ல வெளிச்சம் சுமார் 20 நிமிடமே நிற்கும். கதிரவனை விட்டுப் பக்கத்து வானத்தை வைத்து ஒளியை அளந்தால் நிறம் வெளுக்காது.

கடல் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றும். அந்நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே, மாலை 7 மணியளவில் நீர் வற்றும் நாள் இரு வாரத்திற்கு ஒருமுறை வாய்க்கும். அன்று ஈரச் சேற்றில் வானம் தெரியும். ஆனால், சேற்றில் தொலைவாக நடக்க வேண்டாம். 1945 செப்டம்பர் 9-இல் 'சிப்பர்' நடவடிக்கையின்போது இங்குக் கரையிறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் வாகனங்கள் பல புதைந்து நின்றது இந்தக் கரையில்தான்.

கருப்பொருள்

கூட்டம் கலைந்த பிறகே திணைக்குரியவை கண்ணில் படும்: சேற்றில் துள்ளும் மீன், வளை தோண்டும் நண்டு, கொக்கு, படகு, வலை, அலையாத்தி மரம். பயணிகள் போனாலும் மீனவர் அங்கேயே இருக்கிறார். அவரைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அதற்காக நண்பரைச் சோகமாக நிற்கச் சொல்ல வேண்டாம். பரந்த சேற்றுவெளியில் ஒற்றைப் படகுக்குச் சிறிய இடம் கொடுத்தாலே அவ்வுணர்வு வந்துவிடும்.

நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் மோரிப் உல்லாசப் பயணப் படங்கள் உள்ளன. பின்புறம் நாளோ இடமோ எழுதப்படாதவையே மிகுதி. அன்று கரை எதுவரை இருந்தது, பின்னால் நிற்கும் மரம் எந்த ஆண்டு விழுந்தது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடிவதில்லை. அவை முதற்பொருள் இழந்த படங்கள். கடல் கரையை அரிக்கிறது, அலையாத்தி குறைகிறது. ஆண்டிறுதிதோறும் ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுங்கள். படத்தோடு இடம், நாள், நேரம், நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் குறித்து வையுங்கள். பத்தாண்டு கழித்து நம் இளையோர் கேட்கும்போது, அப்படங்கள் பதில் சொல்லும்.