இறுகும் ஆக்ஸிலேட்டர்

மோட்டார் சைக்கிளின் வலக்கைப் பிடியைத் திருகினால் வேகம் ஏறும். கையை எடுத்தால் பிடி தானே திரும்பி வேகம் தணியும். இவ்விரண்டனுள் பின்னதே பெரிது என்பதை நம் மாணவருட் பலர் எண்ணிப் பார்த்திலர். திருகியும் வேகம் ஏறாத வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவே. கையை எடுத்த பின்னும் வேகம் தணியாத வண்டியோ முன்னே செல்லும் லாரியின்மேல் நம்மைக் கொண்டுபோய் மோதும். கீழக்கரை முதலிய கடற்கரையூர்களிலுள்ள வண்டிகளுக்கு இக்குறை எளிதில் நேர்வதாதலின், இதனைச் சற்று விரித்து எழுதப் புகுந்தோம்.

ஓடும்போதே இது நேர்ந்தாற் செய்யத்தக்கதை முதற்கண் கூறிவிடுவோம். கிளச்சை முற்றும் பிடித்து, உடனே எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சை அமுக்குக. அஃதில்லாத வண்டியாயின் சாவியை அணைத்துப் பிரேக்கிட்டு ஓரத்தில் நிறுத்துக. கிளச்சைப் பிடித்தவுடன் சுமை நீங்கிய எஞ்சின் அலறும். அவ்வலறலுக்கு அஞ்சிக் கிளச்சை விட்டுவிடலாகாது. சாவியைத் திருப்புங்கால், ஹாண்டில் பூட்டிக்கொள்ளும் நிலைவரையிலும் திருப்பலாகாது.

இனி, பிடிக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். பிடியினின்று புறப்படும் எஃகுக் கம்பி, வளையத்தக்க ஓர் உறைக்குள் ஓடிக் கார்புரேட்டரைச் சேர்கின்றது. எர்னஸ்ட் பௌடன் என்பார் 1896-ஆம் ஆண்டு பிரிட்டனிற் காப்புரிமை பெற்ற சாதனம் இது. சைக்கிள் பிரேக்கிலும் இதுவே உள்ளது. கார்புரேட்டருக்குள் ஸ்லைடு என்னும் சிறு உருளை மேலுங் கீழும் ஓடும். கம்பி அதனைத் தூக்கினால் காற்றுவழி திறக்கும். கம்பி தளர்ந்தால் மேலிருக்கும் ஸ்பிரிங் அதனைக் கீழே தள்ளி வழியை மூடும். ஆகவே, திறப்பது நம் கை. மூடுவது அந்த மெல்லிய ஸ்பிரிங் ஒன்றே. நம் கைக்குச் சிறிதும் தோன்றாத தடை அந்த ஸ்பிரிங்குக்குப் பெருந்தடையாகிவிடும். குறை தோன்றும் வரை நாம் அதனை அறியாதிருப்பதன் காரணம் இதுவே.

கீழக்கரையிற் கடல் ஊருக்குத் தெற்கே கிடக்கின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அலைத்திவலையிலுள்ள உப்பு ஊரெங்கும் படியும். காற்றின் ஈரம் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்குக்கு மேற்பட்டால், சாதாரண உப்பு அவ்வீரத்தை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பிற் கலந்த மக்னீஷியம் குளோரைடோ அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் கேபிளின் வாயில் உப்புநீர் ஊறிக்கொண்டிருப்பது இதனாலேயே. அந்நீரால் எஃகு துருப்பிடிக்கும். துரு, தான் பிறந்த இரும்பினும் மிகுதியான இடத்தை அடைப்பது. இடைவெளி குறுகிய உறைக்குள் கம்பி பருத்தால் ஓட்டம் தடைப்படுமன்றோ? மதுரையிற் பல்லாண்டு உழைக்கும் கேபிள் கடலோரத்தில் விரைவிற் கெடுவதில் வியப்பொன்றுமில்லை.

குறை கண்டவுடன் எங்கும் எண்ணெய் வார்ப்பது நம்மவர் வழக்கம். அது குறையை மறைக்குமேயன்றித் தீர்க்காது; கடற்கரை மணலையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். முதலில், எஞ்சினை நிறுத்திய நிலையிற் பிடியைத் திருகி விடுக. ஹாண்டில் நேராக இருக்கையிலும், இடம் வலம் முற்றத் திருப்பியபோதும், அது 'டக்'கென்று மூடுதல் வேண்டும். திருப்பும்போது மட்டும் இறுகுமாயின், கேபிள் டாங்கின் அடியிலோ வேறெங்கோ நெருக்குண்டிருக்கும். அதன் வழியைச் சீர்ப்படுத்தினாற் போதும். எந்நிலையிலும் இறுகுமாயின், கேபிளைப் பிடியினின்று கழற்றி, பிடியையும் கேபிளையும் ஸ்லைடையும் தனித்தனியே அசைத்துப் பார்க்க. எது தடுக்கின்றதோ அதுவே குற்றவாளி.

பிடியின் குறை பெரும்பாலும் அற்பமானது. ரப்பர் உறை உள்ளே தள்ளுண்டு ஸ்விட்சுப் பெட்டியோடு உராயும். அன்றிப் பழைய கிரீஸ் மணலோடு சேர்ந்து உறைந்திருக்கும். துடைத்து, மெல்லிய கிரீஸ் சிறிதளவு தடவினால் தீரும்.

கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்வாயிற் காகிதக் கூம்பு கட்டி, மெல்லிய எண்ணெயைக் கீழ்வாயிற் சொட்டும்வரை வார்க்கலாம். நைலான் உள்ளுறையுள்ள கேபிளாயின், தயாரித்தோர் நூல் எண்ணெய் வேண்டாவெனின் அதன்படியே விட்டுவிடுக. சொட்டும் எண்ணெய் செம்பழுப்பாக வருமாயினும், நுனியிலுள்ள நிப்பிளருகே ஓரிழை அறுந்திருப்பினும், அக்கேபிளை எறிந்து புதியது வாங்குவதே தக்கது. அறுந்த இழை உறையின் வாயில் மாட்டிக்கொண்டு, திறந்த நிலையிலேயே ஸ்லைடை நிறுத்திவிடும். சில நூறு ரூபாய்க்கு உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.

ஸ்லைடை ஆராய்தலே நுட்பமான பகுதி. மூடியைத் திருகி அதனை வெளியே எடுத்துப் பெட்ரோலிற் கழுவுக. அருகில் நெருப்பு இருத்தலாகாது. வற்றிய பெட்ரோலின் பிசினே பெரும்பாலும் இறுக்கத்துக்குக் காரணம். உப்புத்தாளால் தேய்த்தல் கூடவே கூடாது. தேய்ந்த ஸ்லைடின் பக்கவழியே காற்றுப் புகுந்து, எஞ்சின் நிலையாக நின்று ஓடாது. மீளச் செருகுங்கால், பள்ளம் உள்ளிருக்கும் முளையிற் பொருந்தி, வெட்டுள்ள முகம் காற்று வடிகட்டியை நோக்குதல் வேண்டும். குளிர்ந்திருக்கையில் நன்றாயோடிச் சூடேறியபின் இறுகும் ஸ்லைடும் உண்டு. கார்புரேட்டரை எஞ்சினோடு பிணைக்கும் நட்டுகளை அளவு மீறி முறுக்கினமையால் அதன் உடல் வளைந்திருக்கும். சென்னையில் உருவான புல்லட் முதலிய பழைய வண்டிகளில் இதனை மறவாது பார்க்க.

யாவும் பூட்டியபின் அளவு வைத்தல் வேண்டும். பிடியின் விளிம்பில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை வெற்றாட்டம் இருக்குமாறு கேபிளின் அட்ஜஸ்டரைத் திருகி, லாக் நட்டை இறுக்குக. தயாரித்தோர் வேறளவு கூறின் அதுவே கொள்க. ஐட்லிங் குறைவாயிருப்பின் கார்புரேட்டரிலுள்ள ஸ்க்ரூவினால் ஏற்றுவதன்றிக் கேபிளை இழுத்து ஏற்றுவது பிழை. பின்னர் வண்டியை நிறுத்தியவாறே எஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டிலை இரு புறமும் முற்றத் திருப்புக. எஞ்சினின் ஓசை சிறிதேனும் உயர்ந்தால் வெற்றாட்டம் போதவில்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் செய்யப்பட்ட வண்டிகளிற் பெரும்பாலனவற்றில் கார்புரேட்டர் இல்லை. ஆயினும் அவற்றுட் பலவற்றில் கேபிள் உண்டு. ஆதலின் பிடியையும் கேபிளையும் பற்றிக் கூறியவை அவற்றுக்கும் பொருந்தும். உள்ளிருக்கும் திராட்டிற் பாடியின் ஸ்க்ரூவை மட்டும் தொடாது மெக்கானிக்கிடம் விட்டுவிடுக.

கீழக்கரை வாசிகள் கச்சான் ஓய்ந்தபின் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை மழை கழிந்தபின் ஒருமுறையும் கேபிளைக் கழற்றிப் பார்த்தல் நலம். உப்பைக் கழுவுங்கால் வண்டியின் மேல் வாளியால் நீர் ஊற்றலாம். விசைக் குழாயைக் கேபிளின் வாய்க்கு நேரே பிடித்தல் மட்டும் வேண்டா.