மரநிழலிற் பன்னம் வளர்த்தல்

பூஞ்செடிகள் செழிக்காத மரநிழலில் ஆண்டு முழுவதும் பசுமை தருபவை பன்னங்கள். மழையும் குளிரும் மிகுந்த மலைநாட்டுத் தோட்டங்கள் இவற்றுக்கு ஏற்றவை. 1861 ஆம் ஆண்டிற் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காக ஆரம்பிக்கப்பட்ட ஹக்கல தாவரவியற் பூங்காவிற் பலவகைப் பன்னங்களைக் காணலாம்.

காட்டிலிருந்து பன்னங்களைப் பெயர்த்து வந்து நடுதல் தகாது. வேரறுந்த முதிர்ந்த செடி தோட்டத்திற் பெரும்பாலும் பட்டுப்போகும். காட்டிலோ அதன் இடம் வெறுமையாகும். மெதுவாக வளரும் மரப்பன்னங்கள் இழந்த இடத்தை எளிதில் மீளப் பெறுவதில்லை. எனவே பின்வரும் முறைகளாற் செடிகளைப் பெருக்குதல் நன்று.

இடமும் மண்ணும்: நண்பகல் வெயிலும் பலத்த காற்றும் படாத, நீர் தேங்காத இடத்தைத் தெரிவு செய்க. மேல்மண் ஒரு பங்கு, உக்கிய இலை இரு பங்கு, பருமணல் ஒரு பங்கு கலந்து இடுக. உதிரும் இலைகளைக் கூட்டி எரித்தலாகாது. அவையே பன்னத்துக்குப் பசளையும் மூடுபடையும் ஆகும்.

பிரித்து நடுதல்: நெபுரோலெப்பிசு போன்று கொத்தாக வளர்பவற்றை மழை தொடங்கும்போது பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் வேரும் வளர்நுனியும் இருத்தல் வேண்டும். வளர்நுனி மண்ணுள் புதைந்தால் அழுகிவிடும்.

வித்தியால் வளர்த்தல்: இவ்வாறு பிரிக்கவியலாத மரப்பன்னத்துக்கு இதுவே முறை. இலையின் கீழ்ப்புறத்தில் ஒழுங்காக அமைந்த புள்ளிகள் வித்திக்கூட்டங்களாம். அவற்றைப் பூச்சியென எண்ணி மருந்து தெளித்தலாகாது. புள்ளிகள் கபில நிறமடையும்போது இலைத்துண்டொன்றைக் காகிதத்துள் மடித்து வைத்தால், சில நாட்களில் வித்திகள் தூளாக உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவிட்ட மண்கலவையின்மேல் அத்தூளை மெல்லத் தூவுக, மண்ணால் மூடற்க. சாடியைக் கண்ணாடியால் மூடி, நீர்த்தட்டில் நிழலில் வைக்கவும். சில வாரங்களில் மெல்லிய பச்சைப் படலம் தோன்றும். அதன் கீழ்ப்புறம் ஈரமாக இருந்தாலன்றிக் கருக்கட்டல் நிகழாது. கண்ணாடியை அகற்ற அவசரப்படுதலாகாது. சில மாதங்களில் இளம் பன்னங்கள் எழும்.

பராமரிப்பு: வரண்ட நாட்களில் மண் காயாதவாறு நீரிடுக. நுவரெலியாப் பகுதியிற் சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழக்கூடும். அக்காலம் கழியும்வரை முதிர்ந்த இலைகளை வெட்டாது விடுக. அவை இளந்தளிரைக் காக்கும். நன்கு வேரூன்றிய செடிகளை அயலவருடன் பகிர்ந்துகொண்டால், காட்டுப் பன்னத்தை நாடவேண்டிய தேவை குறையும்.